சபுரா அக்காவின் ஒன்றரைச் சதுர மீட்டர்

உடம்பின் பரப்பளவை இஞ்சு டேப் வைத்துத்தான் அளப்பார்கள் என்று நான் நம்பினேன்.

புனேயில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் மருந்து கலக்கும் பிரிவில் சேர்ந்த முதல் நாள். பிரிவின் தலைவி லிமயே மேடம் ஒரு நோயாளியின் பெயரைச் சொல்லி, "இவருடைய உடல் பரப்பளவைக் கண்டுபிடித்துக்கொண்டு வா" என்றார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. எதிர்ச்சாரித் தையல்கடையில் கெஞ்சி ஒரு டேப்பை வாங்கி வந்தேன். வார்டுக்குப் போய் அந்த மனிதரைச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். மார்பு, வயிறு, முழங்கை, கணுக்கால் என்று வரிசையாக அளந்து குறித்துக்கொண்டே வந்தவன் காதில் வந்து மாட்டிக்கொண்டேன். காதுக்கு முன்பக்கம் மட்டுமா, பின்பக்கமும் உண்டா? விரலிடுக்குகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தொப்புளைக் கூட்டுவதா, கழிப்பதா? அந்த மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியில் சூட்டும் தைத்துத் தருகிறார்களா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

தேடிக்கொண்டு வந்த லிமயே மேடம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு? அது போதும். டேப்பைத் திருப்பிக் கொடு."

அன்று சாயங்காலத்துக்குள் லிஃப்ட் ஓட்டுகிறவர்வரை என்னை 'டெய்லர் மாஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் திவ்யா. எனக்குப்பின் அந்தப் பிரிவில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கோயம்புத்தூர்ப் பெண். கழுத்தெலும்பு தேய்ந்து ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நான் விஷ்ராந்த்வாடி வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. போன வாரம் போன் செய்தாள்.

"சார், புதுசா ஒரு மெஷின் வந்திருக்குதுங்க சார். ஏறி நின்னாப் போதும், உயரம், எடை, பரப்பளவு, டோஸ் எல்லாம் அதுவே கம்ப்யூட்டர்ல போட்டுருதுங்க. நீங்கெல்லாம் இத எப்படிங்க சார் கையில பண்ணுனீங்க?"

"பயந்துகிட்டே பண்ணுனோம்."

"அய்யோ, நெசமாத்தான் கேக்கறேனுங்க. எழுதிக் குடுங்க சார். எங்க டிரெய்னிங்ல படிச்சுக் காட்டறோம்."

அதற்குள் லோஹேகாவ் விமானப்படைத் தளத்துப் பக்கமிருந்து ஒரு போர் விமானம் எங்கள் கூரையைத் தடவிக்கொண்டு போனது. அவள் வேறு என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. எழுதச் சொன்னது மட்டும் கேட்டுவிட்டது.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, மருந்தாளுநர் டிப்ளமோ முடித்து, பிம்ப்ரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலைக்கு வந்து, பாட்டில்களுக்கு மூடி சரியாக விழுகிறதா என்று சில வருஷம் பார்த்தேன். மூடி சரியாகத்தான் விழுந்தது. அங்கிருந்து மருத்துவமனை.

டேப்புக்குப் பிறகு கற்றுக்கொண்ட கணக்கு இதுதான். சென்டிமீட்டரில் உயரம், கிலோவில் எடை. இரண்டையும் பெருக்கு. மூவாயிரத்து அறுநூறால் வகு. வருவதற்கு வர்க்கமூலம் எடு. கிடைப்பது சதுர மீட்டர். வளர்ந்த மனிதர்கள் பெரும்பாலும் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் வருவார்கள். வீட்டுக் கதவின் ஒரு பக்கம் அளவுக்கு. கீமோ மருந்துகளில் பலவற்றைச் சதுர மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் எழுதுவார்கள். ஒருவருடைய தோலை உரித்துக் காயப்போட்டு யாரும் பார்ப்பதில்லை. அது ஒரு மதிப்பீடு. ஆனால் அந்த மதிப்பீட்டை வைத்து நாம் கலக்குவது, கொஞ்சம் கூடினால் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும் சரக்கு.

அதனால்தான் லிமயே மேடத்தின் சட்டங்கள். கலக்குகிறவனே எடை பார்க்க வேண்டும். வார்டில் யாரோ எழுதி வைத்ததை நம்பக் கூடாது. ஒவ்வொரு கீமோவுக்கும் புதிதாகப் பார்க்க வேண்டும். செருப்பு, ஹெல்மெட், செல்போன், சாவிக்கொத்து எல்லாம் வெளியே. உயரத்தைக் கேட்கக் கூடாது, அளக்க வேண்டும். ஆண்கள் உயரத்தில் பொய் சொல்வார்கள், பெண்கள் எடையில் பொய் சொல்வார்கள், வயதில் எல்லோரும் சொல்வார்கள் என்பது அவர் கட்சி. ஓய்வுபெற்ற விமானப்படை வாரண்ட் ஆபீசர் ஒருவர் தன் உயரம் சர்வீஸ் ரெக்கார்டில் இருப்பதாகவும் அதைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை என்றும் சுவரோரம் அட்டென்ஷனில் நின்று வாதாடினார். அளந்தால் மூன்று சென்டிமீட்டர் குறைந்தது. "உங்க சுவர் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணக்கைப் போட்டுக்கொண்டு மேடத்திடம் போனால், அவர் என் தாளைப் பார்க்கமாட்டார். முதலில் உயரம், எடையைக் கேட்டுத் தானே தனியாக ஒரு தாளில் போடுவார். பிறகு என் விடையை மட்டும் கேட்பார். சொன்னதும், "புன்ஹா" என்பார். மராட்டியில் 'மறுபடியும்' என்று அர்த்தம். சரியாக இருந்தாலும் புன்ஹாதான், தப்பாக இருந்தாலும் புன்ஹாதான். முகத்தில் ஒன்றும் தெரியாது. மறுபடி போட்டு அதே விடை வந்தால் தலையை அசைப்பார். நான் மூன்று வருஷம் என் கணக்கு எல்லாமே தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு கண்ணாடித் தடுப்பு வைத்த கலக்கும் மேடை. கவுன், தொப்பி, முகமூடி, இரட்டைக் கையுறை. உள்ளே கையை விட்டபிறகு மூக்கு அரித்தால் அது உங்கள் தலையெழுத்து. அந்த மேடை முன்னால் கழித்த வருஷங்களில் நான் அதிகம் யோசித்தது என் மூக்கைப் பற்றித்தான்.

இனி, சபுரா அக்கா.

கடையநல்லூர்க்காரர். வயது ஐம்பதை ஒட்டி. கணவர் காஜா பாய் பிம்ப்ரியில் தேங்காய், புளி, வத்தல் விற்கும் கடை வைத்திருந்தார். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அக்கா முதல் நாளே என்னைத் தம்பியாக்கிக்கொண்டார். எடை மேடையில் ஏறும்போது, "என்னய என்ன புளி மூட்டைன்னு நெனச்சீயளா தம்பி, ஏத்தி ஏத்தி எறக்குதீய?" என்பார். "மூட்டைன்னா பேசாதுக்கா" என்பேன். "ஒங்க மேடத்துக்குப் பேசுத மூட்ட புடிக்காதோ?" என்பார். பக்கத்து நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள்கூட மொழி புரியாமலே சிரிப்பார்கள்.

முதல் கீமோவில் அறுபது கிலோ. இரண்டாவதில் ஐம்பத்தெட்டு. "இப்படியே எடை இறங்கினால் மருந்தைக் குறைக்க வேண்டியிருக்கும், நிறுத்தி வைக்கவும் வேண்டியிருக்கும்" என்று டாக்டர் சொன்னார். மூன்றாவதில் ஐம்பத்தெட்டு. நான்காவதிலும் ஐம்பத்தெட்டு. "பாத்தீயளா, கல்லு மாதிரி நிக்கேன்" என்றார் அக்கா. கன்னம் ஒட்டியிருந்ததை நான் கவனித்தேனா என்று கேட்டால், கவனித்தேன். ஆனால் புர்காவுக்குள் இருக்கும் உடம்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எடை மேடையின் எண் சுவரிலிருக்கும் பலகையில் சிவப்பு எழுத்தில் வருகிறது. அதற்கு மேல் நான் யார்?

நான்காவது கீமோ ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் எடை பார்த்தோம். காஜா பாய் வழக்கம்போல் பின்னால் நின்று அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார், தலைசுற்றி விழுந்துவிடாமல் இருக்க. கணக்குப் போட்டேன், ஒன்று புள்ளி ஐந்து எட்டு. மேடமும் அவர் பாட்டுக்குப் போட்டார். புன்ஹா. மறுபடி போட்டேன், அதே ஒன்று புள்ளி ஐந்து எட்டு. மருந்தைக் கலந்து, பையில் ஏற்றி, வார்டுக்கு அனுப்பிவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே என் தாளைப் பார்த்தேன்.

உயரம் என்ற இடத்தில் 58 என்றிருந்தது. எடை என்ற இடத்தில் 154.

என் கையெழுத்துதான்.

நூற்றைம்பத்து நான்கு கிலோ! அந்த மெலிந்த பெண்ணுக்கு நூற்றைம்பத்து நான்கு கிலோ ஆளுக்கான மருந்தைக் கலந்து அனுப்பியிருக்கிறேன். அதுவும் தொடையைத் தாண்டாத உயரத்தில் நூற்றைம்பத்து நான்கு கிலோ! கல்யாண மண்டப கிரைண்டர் ஒன்றுதான் அந்த அளவில் இருக்கும். மேடமும் எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்று யோசிக்க என்னிடம் மூளை மிச்சம் இல்லை. லிஃப்ட் பொத்தானை அமுக்கினேன். அது வரவில்லை. படிக்கட்டில் பாய்ந்தேன். கவுனும் தொப்பியும் காலில் பிளாஸ்டிக் உறையுமாக ஒருவன் வழுக்கிக்கொண்டு இறங்கி வருவதைப் பார்த்த செக்யூரிட்டி, தீ என்று நினைத்து மணல் வாளியைத் தூக்கிவிட்டார். யாருடைய கையிலிருந்தோ வடா பாவ் பறந்தது. அந்த நேரத்திலும் என் மனசு வேறு ஒரு கணக்கு போட்டது: எரவாடா சிறை எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான், மனைவிக்குச் சாப்பாடு கொண்டுவர வசதி.

வார்டில் ஷைனி சிஸ்டர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "எந்தா சாரே, தீ பிடிச்சோ?"

வாந்தி வராமல் இருக்க முதலில் ஏற்றுகிற மருந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. என் பை பக்கத்துக் கொக்கியில் தொங்கியது, இன்னும் இணைக்கவில்லை. பாய்ந்து போய் அதைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். வார்டே பார்த்தது. என்ன சொல்வது? கொலை செய்யப் பார்த்தேன், நூலிழையில் தப்பியது என்றா?

"எடை... எடையை மறுபடி பாக்கணும்" என்றேன்.

சபுரா அக்காவின் முகம் மாறியது. "காலைலதான தம்பி பாத்தீய? அதுக்குள்ள நான் என்ன பெருத்தா போயிட்டேன்?"

"மெஷின்ல சந்தேகம்க்கா."

"அவுக வரட்டும். ஜும்மாவுக்குப் போயிருக்காக. வந்ததும் பாப்போம்."

"அவர் எதுக்குக்கா?"

"புடிச்சிக்கிடணும்லா."

"சிஸ்டர் புடிச்சுக்குவாங்க."

"அவுக புடிச்சாத்தான் எனக்குத் தெம்பு" என்றார் அக்கா. கேலியே இல்லாமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன். ஆனால் எனக்கு என் பயமே பெரிய பயம். கெஞ்சி, கையைப் பிடித்து, ஷைனி சிஸ்டர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக மேடையில் ஏற்றிவிட்டு விலகினோம்.

சுவரில் 50 என்று வந்தது.

இறக்கி, மறுபடி ஏற்றினேன். ஐம்பது. மெஷினே கெட்டுப்போய்விட்டது என்று நானே ஏறி நின்றேன். எண்பத்து நான்கு. "அது கரெக்டா சாரே" என்றார் ஷைனி சிஸ்டர், என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே. தாளில் நூற்றைம்பத்து நான்கு, காலையில் ஐம்பத்தெட்டு, இப்போது ஐம்பது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அக்கா காணாமலே போய்விடுவார் போலிருந்தது.

மேடத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அவருக்கு லிஃப்ட் வந்தது. அவரை ஓரமாக அழைத்துப்போய், உடைந்த ஹிந்தியில் வாக்குமூலம் கொடுத்தேன். உயரத்தில் எடை, எடையில் உயரம், என்னை மன்னிக்க வேண்டாம், போலீசுக்குச் சொல்லிவிடுங்கள்.

மேடம் தன் கால்குலேட்டரை நீட்டினார். "நூற்றைம்பத்து நான்கை ஐம்பத்தெட்டால் பெருக்கு."

"எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு."

"ஐம்பத்தெட்டை நூற்றைம்பத்து நான்கால் பெருக்கு."

பெருக்கினேன். எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு.

மூன்றாம் வகுப்பில் படித்தது. எதை முதலில் வைத்துப் பெருக்கினாலும் விடை ஒன்றுதான்.

"புன்ஹா" என்றார் மேடம். இந்த முறை அவர் உதடு லேசாகக் கோணியது.

ஆனால் சிரிப்பு அதோடு நின்றது. அவர் கண் சுவரிலிருந்த ஐம்பதுக்குப் போயிருந்தது. "காலையில் ஐம்பத்தெட்டு என்று நீ பார்த்தாயா?"

"பார்த்தேன் மேடம். கண்ணால் பார்த்தேன்."

"கண் எங்கே இருந்தது?"

"சுவரில்."

"அவள் கணவர் எங்கே நின்றார்?"

நான் பதில் சொல்வதற்குள் காஜா பாய் தொழுகைத் தொப்பியோடு வாசலில் வந்து நின்றார். மேடையில் தனியாக நிற்கும் மனைவியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கையிலிருந்த பேரீச்சம்பழப் பொட்டலம் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"சொல்லிருங்க" என்றார் அக்கா. "இனி மறைச்சு என்ன செய்ய?"

"என்ன பாய்?" என்றேன்.

"பெருவெரலு தம்பி" என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை. காஜா பாய் செருப்பைக் கழற்றினார். அக்காவின் பின்னால் போய் நின்று தோளைப் பிடித்துக்கொண்டார். புர்காவின் விளிம்புக்கு அடியில் வலது கால் கட்டைவிரலை மேடையின் ஓரத்தில் வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டே மெல்ல அழுத்தினார். ஐம்பத்து மூன்று. ஐம்பத்தாறு. ஐம்பத்தெட்டு. அங்கேயே நிறுத்தினார். எண் அசையவில்லை.

"எண்டெ ஈஸ்வரா" என்றார் ஷைனி சிஸ்டர்.

"முப்பது வருசமா தராசு புடிக்கேன், தம்பி. கடைல ஒரு கிராம் யாரையும் ஏமாத்துனதில்ல. இந்த ஒரு எடைலதான்..."

"ஏன் பாய் இப்படிப் பண்ணுனீங்க?"

"டாக்டர் சொன்னாகல்லா, எட கொறஞ்சா மருந்தக் கொறைப்போம், நிப்பாட்டுவோம்னு. மருந்தக் கொறச்சா நோவு எப்படிப் போவும்? முழு மருந்தும் போட்டாத்தான இவ பொழைப்பா?"

மேடம் என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன். அவர் காஜா பாய்க்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் நோயாளிகள் முன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மெதுவாக, வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்திப் பேசினார். நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"இந்த மருந்தை எவ்வளவு தாங்கும் என்று உடம்பைப் பார்த்துத்தான் அளக்கிறோம். உங்கள் கால்விரலுக்கும் சேர்த்து நான் மருந்து கலந்திருக்கிறேன். அதையும் இவர் உடம்புதான் வாங்கிக்கொள்ள வேண்டும். போன தடவையும் இப்படித்தானா?"

"போன தடவ கொஞ்சமாத்தான் அமுக்குனேன்."

"அதற்கப்புறம் இவர் என்ன சாப்பிட்டார்?"

காஜா பாய் அக்காவைப் பார்த்தார். அக்கா வாயைத் திறந்து காட்டினார். நாக்கும் உள்கன்னமும் புண்ணாகக் கிடந்தன. "கஞ்சித் தண்ணி" என்றார். "அதுவும் பாதி வெளிய வந்துரும். ஒங்ககிட்டச் சொன்னா நிப்பாட்டிருவீயளோன்னு பயந்தான் தம்பி."

காஜா பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. நான் இன்னும் அந்தப் பையை அணைத்துக்கொண்டு நின்றேன்.

அக்காதான் குனிந்து அவர் தலையில் கை வைத்தார். "போதும், எந்திரிங்க. அழுது அழுது ஒங்க எடையும் கொறஞ்சிட்டுன்னா ஒங்களுக்கு யாரு வெரல் வைக்க?"

டாக்டர் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அக்காவின் வாயைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொன்னார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். "நிறுத்தி வைப்பது என்றால் கைவிடுவது இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். காஜா பாய் அதை என்னிடம் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்.

ரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன. இன்னும் ஒரு தடவை அந்த அளவில் போயிருந்தால் தாங்கியிருக்கமாட்டார் என்று டாக்டர் மேடத்திடம் சொன்னது என் காதில் விழுந்தது. மறுநாளிலிருந்து எடை பார்க்கும் அறையில் நோயாளியும் எடை பார்ப்பவனும் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது, பிடித்துக்கொள்ள வேண்டுமானால் சிஸ்டர் மட்டும் என்று ஒரு சட்டம் கூடியது. இன்னொன்றும்: எடை பார்ப்பவன் சுவரைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்க்க வேண்டும். திவ்யா, உங்கள் புது மெஷினும் தரையில்தான் இருக்கிறது.

என் குளறுபடியால் அன்று அந்தப் பையில் ஒரு துளி மருந்துகூட மாறியிருக்கவில்லை. பை மஞ்சள் கழிவுத்தொட்டிக்குப் போனது. சபுரா அக்காவை அன்றே உள்ளே சேர்த்து, மூக்குக் குழாய் வழியாகச் சத்துணவு கொடுத்தார்கள். வாய்ப்புண் ஆறி, ரத்தம் தேறிய பிறகு, இருக்கிற எடைக்கு மருந்தைக் கணக்குப் போட்டு மிச்சமிருந்த கீமோவைத் தொடர்ந்தோம். காஜா பாய் ஒவ்வொரு முறையும் கதவுக்கு வெளியே நின்றார். எல்லாச் சுற்றுகளும் முடிந்தன. அக்கா இப்போது பிம்ப்ரி கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.